ஒன்றரை அடி

ஓடையை ஒட்டி எட்டு சென்ட் கேட்டார்கள்.
வாங்க அல்ல, சும்மா விட.
கொத்தாமல், பூண்டு ஊன்றாமல்
புல் முளைக்க விட வேண்டும்;
மேலே மூன்று இடத்தில் கல்லடுக்கு,
கீழே ஒரு வண்டல் குழி.

நீர்வடிப்பகுதி ஆபீஸ் ஜெசிந்தா
ரப்பர் பூட்ஸோடு வரப்பில் உட்கார்ந்து
என் மண்வெட்டியைப் பாரம் வைத்து வரைபடம் விரித்தாள்.
கவுஞ்சியில் இந்த ஓடைக்குப் பதினோரு பட்டா.
பத்துக் கையெழுத்து ஆகிவிட்டது.
பதினோராவது கட்டத்தில்
என் பெயர், பென்சிலில்.

லாபம் யாருக்கு என்றேன்.
கீழ்க்காட்டுக்கு என்றாள், மறைக்காமல்.
கீழ்க்காடு சென்றாயனுடையது.

அவனுக்கும் எனக்கும்
கொடைக்கானல் கோர்ட்டில் பதினாலு வருஷம்.
ஒன்றரை அடி.
அவன் அப்பன் வரப்பை மேலே ஏற்றினான், இது என் கட்சி.
என் அப்பன் கீழே இறக்கினான், அது அவன் கட்சி.
இரண்டு அப்பன்களும் ஒரே இடுகாட்டில்
தகராறில்லாமல் கிடக்கிறார்கள்.

அவனுக்காக எட்டு சென்டா?
பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவள் கோபிக்கவில்லை.
பையிலிருந்து கண்ணாடி டம்ளர் எடுத்து
ஓடையில் ஒரு மொள்ளு மொண்டு
வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.
சாயங்காலம் பார்த்தேன்.
தெளிந்த தண்ணீருக்கு அடியில் அரை விரல் கறுப்பு.
சாணமும் சருகும் போட்டு நான் வளர்த்த மண்.
கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டேன்.
நல்ல டம்ளர்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை.
மூன்றாம் ராத்திரி சத்தம் மாறியது;
தகரத்தில் விழும் சத்தம் இல்லை,
கல்லும் கல்லும் முட்டி உருளும் சத்தம்.
டார்ச்சோடு போனால்
நாலு அடுக்கு வயலில் ஒன்றைக் காணோம்.
காணோம் என்றால்,
அந்த இடத்தில் அடிப்பாறை,
தோலுரித்த கிழங்கு மாதிரி.

விடிந்ததும் சென்றாயன் ஏறி வந்தான்.
கையில் தடி இருக்கும் என்று நினைத்தேன்.
கல் இருந்தது. அவன் மகன் மறுமுனையைத் தாங்க,
தலையில் குறி வெட்டிய சர்வே கல்.
“என் கேரட்டு மேல கிடந்துச்சு. உன் கல்லுதான்.
எங்க வைக்க?”

சுற்றிப் பார்த்தேன்.
கூண்டில் நின்று நான் விரல் நீட்டிச் சொன்ன இடம்
இப்போது அந்தரத்தில் இருந்தது.
அவனும் அண்ணாந்து பார்த்தான்.
சர்வே கல்லை ஆள் நகர்த்தினால் குற்றம்.
ஓடை நகர்த்தினால்?
ஒன்றரை அடி கேட்டு வழக்குப் போட்டவன்
ஒரே ராத்திரியில் ஒரு வயலையே
அவன் கேரட்டின் மேல் முழங்கால் ஆழத்துக்கு
அனுப்பி வைத்திருக்கிறேன்.

கல்லை இறக்கினோம்.
கண்ணாடி டம்ளரில் அவனுக்கு டீ கொடுத்தேன்.

தையில் வேலை தொடங்கியது.
எட்டு சென்ட் இல்லை, ஆறரை.
பேரம் பேசாமல் எனக்குக் கையெழுத்து வராது.
சர்வேயர் வந்து கல் எங்கே என்றார்.
இரண்டு பேரும் ஒரே சமயம் வானத்தைக் காட்டினோம்.
அது இரண்டாம் அடுக்கில் இருக்கிறது,
தண்ணீர் வழியும் வாயில், குறி உள்பக்கமாக.

வண்டல் குழி முதல் கோடை மழையிலேயே நிரம்பியது.
அள்ளினால் யாருக்கு?
மண் என்னுடையது, குழி தோண்டியது அவன்.
கூடை எண்ணிப் பிரித்தோம்.
எனக்கு நாற்பது, அவனுக்கு நாற்பது,
எண்பத்தொன்றாவது கூடைக்கு
பொழுது சாயும்வரை சண்டை.

கேஸ் நடந்துகொண்டுதான் இருக்கிறது.
வாய்தாவுக்கு இருக்கிற ஒரே பஸ் காலை ஆறேகால்.
பாலம் வரும்போது
இருவரும் ஒரே ஜன்னலுக்குத் திரும்புகிறோம்.
ஓடை கலங்கியிருந்தால் டிக்கெட் நான் எடுப்பது.
தெளிந்திருந்தால் அவன்.
போன வாய்தாவுக்கு
நடத்துநரே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.